தோற்கிற வருஷத்தில் ஒரு பேஸ்பால் அணி என்னதான் செய்கிறது? 2023 மெட்ஸ் கணக்கு

நீங்கள் கேட்டது இதுதான்: கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், இப்போது நியூயார்க்கில் பேஸ்பால் பார்க்கிறேன். கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் வரிசையாகத் தோற்கும்போது நிர்வாகம் ஏன் பாதிப் பேரைத் தூக்கிவிட்டு வேறு ஆட்களைப் போடுவதில்லை? காயம் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கு முழுச் சம்பளம்? ஜூலை முடிவில் நன்றாக ஆடுகிறவர்களையும் விற்றுவிடுகிறார்களே, டிக்கெட் வாங்கிய எங்களுக்கு அது துரோகம் இல்லையா?

மூன்று கேள்விக்கும் வேர் ஒன்றுதான். சீசன் கெட்டுப்போன பிறகு நிர்வாகத்தின் கையில் பணம் இருக்காது. அது ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது பட்டியலில் சில இடங்களும், அடுத்த இரண்டு மூன்று வருஷங்களும்தான். போன பணத்தைத் துரத்தாமல் அந்த இடங்களையும் வருஷங்களையும் காப்பாற்றுகிற நிர்வாகம்தான் நல்ல நிர்வாகம் என்பது என் கருத்து. இதைப் பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. நான் நியூயார்க்கின் ஃபிளஷிங்கில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பவுன் தெரு பிள்ளையார் கோயிலுக்குப் போய், கீழே கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு, அப்படியே மெட்ஸ் ஆடும் சிட்டி ஃபீல்ட் மைதானத்துக்குப் போகிற வழக்கம் பல வருஷமாக உண்டு. அதனால் கிட்ட இருந்து பார்த்த 2023 மெட்ஸ் அணியை வைத்தே சொல்கிறேன்.

2022-ல் அந்த அணி 101 ஆட்டங்கள் வென்றது. அட்லாண்டாவும் அதே 101 வென்று, இருவரும் மோதிய கணக்கில் முந்திக்கொண்டது. மெட்ஸ் முதல் சுற்றிலேயே சான் டியாகோவிடம் தோற்று வெளியேறியது. அந்த ஏக்கத்தோடு வந்த குளிர்காலத்தில் உரிமையாளர் ஸ்டீவ் கோயன் பணத்தை அள்ளி விட்டார். 40 வயதை எட்டவிருந்த பிட்சர் (பந்து வீசுகிறவர்) ஜஸ்டின் வெர்லாண்டருக்கு இரண்டு வருஷத்துக்கு 8 கோடியே 67 லட்சம் டாலர். க்ளோஸர் எட்வின் டியாஸுக்கு, அதாவது கடைசி இன்னிங்ஸைப் பூட்டுகிறவருக்கு, ஐந்து வருஷத்துக்கு 10 கோடியே 20 லட்சம். பிராண்டன் நிம்மோவுக்கு எட்டு வருஷத்துக்கு 16 கோடியே 20 லட்சம். ஜப்பானிலிருந்து பிட்சர் கொடாய் செங்கா, ஐந்து வருஷத்துக்கு ஏழரைக் கோடி. இன்னொரு மூத்த பிட்சர் மேக்ஸ் ஷெர்சர் ஏற்கெனவே வருஷத்துக்கு 4 கோடியே 33 லட்சத்தில் இருந்தார்.

ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் இவ்வளவுதான் பணம், அதைத் தாண்டவே முடியாது என்று இருக்கிறது. பேஸ்பாலில் அப்படிப்பட்ட கூரை கிடையாது. தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆடம்பர வரி என்பார்கள். 2023-ல் முதல் கோடு 23 கோடியே 30 லட்சம் டாலர். அதற்கு மேல் இரண்டிரண்டு கோடிக்கு ஒரு கோடு. ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் விகிதம் ஏறும். நான்காவது கோடு 29 கோடியே 30 லட்சம். லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்தில்தான் அது புதிதாகச் சேர்ந்தது. கோயனை மனதில் வைத்துப் போட்டது என்று எல்லோரும் அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். மெட்ஸ் அடுத்தடுத்து இரண்டாவது வருஷமாக வரி கட்டியதால், அந்த நான்காவது கோட்டுக்கு மேல் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 90 சென்ட் வரி. வருஷ முடிவில் வரிக்கான சம்பளக் கணக்கு 37 கோடியே 47 லட்சம் டாலரில் நின்றது. வரி மட்டும் 10 கோடியைத் தாண்டியது. இரண்டுமே அதுவரை யாரும் எட்டாத தொகை.

இதன் பொருளைச் சின்ன அளவில் பார்த்தால்தான் புரியும். அந்த வருஷம் மேஜர் லீக்கில், அதாவது உச்ச மட்டத்தில், குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர். வேறு அணிக்கு அது 7,20,000தான். மெட்ஸுக்கு அதே ஆள் வருஷம் முழுக்க இருந்தால் வரியோடு 13,68,000. கடைசி பெஞ்சில் உட்காரும் ஆளுக்கே இந்த விலை. 'இன்னும் ஒருவரை வாங்கிப் போடலாமே' என்று நாம் மைதானத்தில் உட்கார்ந்து சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கணக்கை எழுதுகிறவர் ஏன் தயங்குகிறார் என்பது இங்கே இருக்கிறது.

சரி, காயத்துக்கு வருவோம். மார்ச் 15, 2023. மயாமியில் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டி. டியாஸ் தன் சொந்த மண்ணான போர்ட்டோ ரிக்கோவுக்காகக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸை வீசி, டொமினிகன் குடியரசின் மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார். எல்லோரும் அவரைச் சுற்றி நின்று குதித்தார்கள். குதித்த அந்த வட்டத்துக்குள் அவர் திடீரென்று கீழே உட்கார்ந்தார். கொண்டாட்டம் ஓரிரு நொடியில் அடங்கியது. அவர் தம்பி அலெக்ஸிஸ், அவரும் பிட்சர்தான், பக்கத்தில் நின்று அழுகிறார். அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுபோனார்கள். வலது முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார் முழுதாக அறுந்திருந்தது. சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே க்ளோஸர் ஒரு வருஷத்துக்கு இல்லை.

அன்றைக்கு நிர்வாகம் என்ன செய்யும்? அவரை 60 நாள் காயப் பட்டியலில் போடும். இந்தப் பட்டியல்களை விளங்கிக்கொண்டால் பேஸ்பால் நிர்வாகத்தில் பாதி விளங்கிவிடும். தினம் ஆடத் தயாராக இருக்கிறவர்கள் 26 பேர், செப்டம்பரில் 28. அவர்களையும் சேர்த்து அணியின் கட்டுப்பாட்டில் இருக்கும் பெரிய பட்டியல் 40 பேர். அந்த 40-ல் இல்லாத ஒருவரை மேலே கொண்டுவர வேண்டுமானால் முதலில் யாரையாவது கழற்றிவிட வேண்டும். லேசான காயமென்றால் பேட்ஸ்மேனுக்குக் குறைந்தது 10 நாள், பிட்சருக்கு 15 நாள் பட்டியல். 26-ல் இடம் காலியாகும், 40-ல் ஆகாது. 60 நாள் பட்டியலில் போட்டால்தான் 40-லும் ஓர் இடம் காலியாகும். அதனால் பெரிய காயத்தைக்கூட ஓர் இடமாகப் பார்க்கப் பழகிவிடுகிறார்கள். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் டியாஸ் விழுந்த அந்த இடத்தில் இன்னொருவர் பிழைப்பு தொடங்கும் என்பதும் உண்மை.

சம்பளம்? முழுதாக உண்டு. ஆடியதாகவே அந்த நாட்களும் அனுபவக் கணக்கில் சேரும். இது கருணையால் வந்த ஏற்பாடு என்று எண்ண வேண்டாம். வீரர்கள் சங்கம் பல பத்தாண்டுகள் போராடி வாங்கியது. வேலையில் அடிபட்டவனுக்குச் சம்பளத்தை நிறுத்தக் கூடாது என்பதில் நமக்கும் மாற்றுக்கருத்து இருக்காது. டியாஸ் விஷயத்தில், உலகப் போட்டியில் பட்ட அடி என்பதால் அந்தப் போட்டிக்கென்று எடுத்திருந்த காப்பீடு அவர் சம்பளத்தை ஈடுகட்டியது. ஆனால் ஆடம்பர வரிக் கணக்கு காப்பீட்டைப் பார்க்காது. பணம் திரும்ப வந்தாலும் அவர் பெயர் வரியில் அப்படியே நிற்கும்.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். இடக்கை பிட்சர் ஹோசே கின்டானாவுக்கு விலா எலும்பில் அறுவை. ஜூலை 20 வரை ஆள் இல்லை. முதல் ஆட்டத்தன்றே வெர்லாண்டரின் தோளோரத் தசையில் பிடிப்பு என்று அறிவிப்பு வந்தது. மே மாதம்தான் முதல் பந்தை வீசினார். ஏப்ரலில் ஷெர்சருக்கு, கையில் ஒட்டும் பொருள் இருந்ததாக 10 ஆட்டத் தடை. ஜூன் முதல் வாரத்தில் பீட் அலோன்சோவின் மணிக்கட்டில் பந்து பட்டது. அந்த ஜூனில் மெட்ஸ் 7 வென்றது, 19 தோற்றது.

காயத்தால் கதவு திறந்ததும் உண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் கேட்சர் ஓமர் நார்வேஸின் கெண்டைக்கால் தசை கிழிந்தது. வேறு வழியின்றி 21 வயது பிரான்சிஸ்கோ ஆல்வரெஸை மேலே கொண்டுவந்தார்கள். 'இன்னும் கொஞ்சம் பக்குவப்படட்டும்' என்று கீழே வைத்திருந்த பையன் அந்த வருஷம் 25 ஹோம் ரன் அடித்தான். திட்டமிட்டு நடந்ததைவிட இப்படி நடந்துவிட்டதுதான் பேஸ்பாலில் அதிகம்.

இப்போது உங்கள் முதல் கேள்வி: ஏன் தூக்குவதில்லை? முதல் காரணம், ஒப்பந்தப் பணம் உறுதியானது. சரியாக ஆடவில்லை என்று சம்பளத்தை வெட்ட முடியாது. இரண்டாவது, ஐந்து வருஷ அனுபவம் உள்ளவரை அவர் சம்மதமில்லாமல் கீழ்மட்ட மைனர் லீக்குக்கு இறக்க முடியாது. ஆகவே மூத்த வீரர் ஒருவர் வேண்டாமென்றால் கழற்றிவிட்டு, மிச்சப் பணம் முழுவதையும் கொடுத்து அனுப்ப வேண்டும். மெட்ஸ் அதையும் செய்திருக்கிறது. 2022 மே மாதம் பட்டியல் 28-லிருந்து 26-ஆகக் குறைந்த நாளில் ராபின்சன் கனோவைக் கழற்றிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் அப்போது 4 கோடி டாலருக்கு மேல் மிச்சம். வாங்குகிற பணத்துக்காகவாவது ஆடட்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அவரை வைத்திருந்தால் ஆடக்கூடிய இன்னொருவரை இழக்க வேண்டியிருந்தது. பணம் எப்படியும் போய்விட்டது, இடமாவது மிஞ்சட்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த வருஷம்தான் 101 வெற்றி.

அப்படியானால் யாரைத்தான் மாற்றுவார்கள்? மாற்றச் சுலபமானவரை. இங்கேதான் எனக்கு மனசு கேட்பதில்லை. 40-ல் இருக்கும் இளம் வீரர்களுக்கு 'ஆப்ஷன்' என்று ஒன்று உண்டு. பொதுவாக மூன்று சீசன் வரை, யாரையும் கேட்காமல் அவர்களைக் கீழே அனுப்பலாம், மேலே கூப்பிடலாம். முன்பு இதற்குக் கணக்கே இல்லை; 2022 முதல் ஒரு சீசனில் ஐந்து முறைதான் கீழே அனுப்பலாம் என்று கட்டுப்பாடு வந்தது. அணி தோற்கும்போது பிட்சர்கள் அளவுக்கு மேல் வீசி ஓய்ந்துபோகிறார்கள். நேற்று மூன்று இன்னிங்ஸ் வீசியவர் இன்று கை தூக்க முடியாமல் இருப்பார். அவரைக் கீழே அனுப்பி, ஓய்வெடுத்த ஒருவரை மேலே கொண்டுவருவார்கள். நன்றாக வீசியதற்காகவே ஒருவன் இறக்கப்படுவான்.

மெட்ஸின் மேல்நிலை மைனர் அணி சிராக்யூஸில் இருக்கிறது. இங்கிருந்து காரில் நாலு மணி நேரம். அந்தக் கோடையில் ஒரு வேலையாக அங்கே போயிருந்தபோது ஆட்டம் பார்க்கப் போனேன். இரண்டு நாள் முன்பு சிட்டி ஃபீல்டில் எங்கள் கண் முன்னால் வீசிய பையன் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சக்கரப் பெட்டியையும், தோளில் ஒரு பையையும், கையில் சலவை உடைகள் தொங்கும் ஹேங்கரையும் எடுத்துக்கொண்டு நடந்தான். கூட யாரும் இல்லை. மேலே இருந்தால் அவனுக்கு ஒரு நாளைக்கு 3,800 டாலருக்கு மேல். கீழே இறங்கினால், 40-ல் இருப்பவனாகவே இருந்தாலும், அதில் ஒரு சிறு பங்கு. 40-ல் இல்லாமல் அதே சிராக்யூஸில் ஆடுகிறவனுக்கு 2023-ல் வருஷத்துக்கே 35,800தான். நாள் கணக்கில் வாடகை வீடு பார்க்க முடியாது, ஓட்டல்தான். பெரிய ஒப்பந்தங்களை அசைக்க முடியாதபோது அசைக்க முடிந்தவன் இவன்தான் என்பதால் தோல்வியின் சுமை இவன் தலையில் இறங்குகிறது. டி.வி.யில் இவன் பெயர் ஒரு வரியில் ஓடி மறைந்துவிடும்.

காயப் பட்டியல் தவறாகப் பயன்படுவதும் இதே இட நெருக்கடியால்தான். ஒருவருக்கு ஆப்ஷன் தீர்ந்துவிட்டது, கழற்றிவிட்டால் வேறு அணி எடுத்துக்கொள்ளும், ஆனால் இன்று இடம் வேண்டும். அப்போது 'முதுகு பிடித்துக்கொண்டது' என்று எழுதினால் 15 நாள் கிடைக்கும். பேஸ்பால் உலகில் இதைப் பற்றிய பேச்சு எப்போதும் உண்டு. 2017-ல் எல்லோருக்கும் 10 நாள் என்று குறைத்தார்கள். அணிகள் அதைப் பிட்சர்களுக்கு ஓய்வு கொடுக்கும் வழியாக்கிக்கொண்டன. பிறகு 2022-ல் பிட்சர்களுக்கு மீண்டும் 15 ஆக்கினார்கள். காயம் ஆறியவர் பழகிக்கொள்ள ஆடும் மறுவாழ்வு ஆட்டம் என்று கீழே ஆடவிட்டுக் காலத்தைக் கடத்தவும் முடியாது. பேட்ஸ்மேனுக்கு 20 நாள், பிட்சருக்கு 30 நாள், அதோடு சரி. மெட்ஸ் விஷயத்தில் இது பேச்சோடு நிற்கவில்லை. ஜெனரல் மேனேஜர் பில்லி எப்லர் 2023 அக்டோபரில் பதவி விலகினார். லீக் விசாரித்து, 2022, 2023 இரண்டு சீசன்களிலும் இல்லாத காயங்களை இருப்பதாகக் காட்டி ஆட்களைப் பட்டியலில் போட அவர் உத்தரவிட்டதாக முடிவு செய்தது. 2024 பிப்ரவரியில், அந்த வருஷ உலகத் தொடர், அதாவது லீக்கின் இறுதிப் போட்டி, முடியும்வரை அவருக்குத் தடை விதித்தது. எனக்கு அதில் பட்டியல் மோசடியைவிட உறுத்துவது வேறு: பொய்யாக எழுதிய காயம் அந்த வீரரின் பெயரில்தான் நிற்கிறது. நாளை அவர் வேறு அணியிடம் ஒப்பந்தம் கேட்கும்போது அங்கிருக்கும் மருத்துவர் அதையும்தானே புரட்டுவார்.

மருத்துவக் காகிதத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு அதே மெட்ஸ் சாட்சி. அந்தக் குளிர்காலத்தில் கார்லோஸ் கொரியாவுக்கு 12 வருஷம், 31 கோடியே 50 லட்சம் டாலர் என்று பேசி முடித்திருந்தார்கள். உடல் பரிசோதனையில் வலது காலில் பழைய அறுவையின் நிலை குறித்துச் சந்தேகம் வந்தது. அவ்வளவு பெரிய ஒப்பந்தம் நின்றுபோனது. அதற்கு முன் சான் பிரான்சிஸ்கோவும் அதே காரணத்தால் பின்வாங்கியிருந்தது.

இனி உங்களைக் கோபப்படுத்திய விஷயம், ஜூலை விற்பனை. 2023-ல் ட்ரேட் கெடு, அதாவது அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நேரம், ஆகஸ்ட் 1 மாலை 6 மணி. ஜூன் கடைசியில் கோயன் செய்தியாளர்களை அழைத்து, நிலைமை மாறாவிட்டால் கெடு நேரத்தில் முடிவுகள் எடுக்க வேண்டிவரும் என்று முன்கூட்டியே சொன்னார். நிலைமை மாறவில்லை. ஜூலை 27 இரவு மழைக்காக ஆட்டம் நின்றிருந்த நேரத்தில் டேவிட் ராபர்ட்சனை மயாமிக்குக் கொடுத்த செய்தி வந்தது. டியாஸ் விழுந்த இடத்தைத் தாங்கிப் பிடித்து வந்தவர் அவர்தான். அவருக்கு ஈடாக வந்த இருவரும் பதின்ம வயதுப் பையன்கள். அதைப் பார்த்த ஷெர்சர் நேரே மேலிடத்தில் போய், அணி எந்தத் திசையில் போகிறது என்று கேட்டார். அடுத்த வருஷம் எல்லாவற்றையும் பணயம் வைக்கிற வருஷமாக இருக்காது என்று பதில் வந்தது. 39 வயதுக்காரருக்கு அது போதும். யாருக்கும் தன்னை விற்கக் கூடாது என்று தடுக்கும் உரிமை அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. அதை விட்டுக்கொடுத்து டெக்சஸுக்குப் போனார்.

அந்த டெக்சஸுக்கு ஷெர்சர் ஏன் தேவைப்பட்டார் தெரியுமா? முந்தைய குளிர்காலத்தில் மெட்ஸிலிருந்து ஜேக்கப் டிகிராமை ஐந்து வருஷம், 18 கோடியே 50 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது அந்த அணிதான். ஆறே ஆட்டம் வீசியதும் அவர் முழங்கை போனது. ஓர் அணியின் காயம் இன்னோர் அணியின் சந்தையாவது இப்படித்தான்.

இந்த விற்பனையில் கவனிக்க வேண்டியது பணம் எந்தப் பக்கம் போனது என்பது. ஷெர்சருக்கு மிச்சமிருந்த சம்பளத்தில் டெக்சஸ் 2 கோடியே 25 லட்சம்தான் ஏற்றது. மெட்ஸ் சுமார் மூன்றரைக் கோடியைத் தானே கட்டிக்கொண்டு ஆளையும் கொடுத்தது. பதிலுக்கு லூயிசாங்ஹெல் அக்குன்யா என்ற 21 வயது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) வந்தான். வெர்லாண்டருக்கும் இதே ஏற்பாடு: சுமார் மூன்றரைக் கோடியோடு ஹூஸ்டனுக்கு அனுப்பி, ட்ரூ கில்பர்ட், ரயன் கிளிஃபர்ட் என்ற இரண்டு இளைஞர்களை வாங்கினார்கள். சம்பளப் பாரத்தை இறக்கிவைப்பதுதான் நோக்கமென்றால் முழுச் சம்பளத்தையும் அந்த அணிகள் தலையில் கட்டிவிட்டு, ஒன்றுக்கும் உதவாத யாரையாவது வாங்கியிருக்கலாம். மெட்ஸ் நேர்மாறாகச் செய்தது. எப்படியும் கொடுத்தே தீர வேண்டிய பணத்தை வைத்து இளமையை வாங்கியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, ஆற்றில் விழுந்த பிறகு அளந்த கணக்கு இது.

இதற்கு விலை உண்டு. வெர்லாண்டரை அனுப்பிய அதே ஆகஸ்ட் 1 இரவு, கான்சஸ் சிட்டியில் ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனது. கைவசம் இருந்த அனுபவசாலிகளில் முக்கியமானவர்கள் போயாகிவிட்டது. சிராக்யூஸுக்கும் நியூயார்க்குக்கும் அலைந்துகொண்டிருந்த ஒரு புதுமுக இடக்கையரைக் கொண்டுவந்தார்கள். அவன் ஒரு பந்தும் வீசுவதற்கு முன் உடல் லேசாக அசைந்துவிட்டது. நடுவர் 'பாக்' என்றார்; பிட்சர் விதியை மீறி அசைந்தால் பேஸில் நிற்பவர்கள் ஒரு பேஸ் முன்னேறலாம். மூன்றாவது பேஸில் நின்றவர் நடந்தே வந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தார். 7–6. அந்தப் பையன் மேட்டில் நின்ற கோலத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. டிக்கெட் வாங்கியவருக்கு அநீதி என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அநீதி அவனுக்கும்தான்.

ஆனாலும் அதைத் துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே 2023-ல் மற்ற இரண்டு அணிகள் எடுத்த முடிவைப் பார்த்தால் ஏன் என்று புரியும். சான் டியாகோ பெரிய சம்பளத்தோடு தடுமாறிக்கொண்டிருந்தது. சீசன் முடிந்ததும் ஒப்பந்தம் தீரவிருந்த பிளேக் ஸ்னெல், ஜாஷ் ஹேடர் இருவரையும் விற்காமல் வைத்துக்கொண்டது. 82 வெற்றி, 80 தோல்வி, பிளேஆஃப் இல்லை. ஸ்னெல் அந்த வருஷச் சிறந்த பிட்சர் விருதை வாங்கிக்கொண்டு போனார், ஹேடரும் போனார். சம்பளத்தைக் குறைக்க வேண்டிவந்து நட்சத்திர பேட்ஸ்மேன் ஹுவான் சோட்டோவையும் யாங்கீஸுக்கு விற்றார்கள்.

கலிஃபோர்னியாவின் ஏஞ்சல்ஸ் கதை இன்னும் வேதனை. பந்தும் வீசி பேட்டும் பிடிக்கும் நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி அவர்களிடம் இருந்த கடைசி வருஷம். ஏழு வருஷத்துக்கு 24 கோடியே 50 லட்சத்துக்கு எடுத்த ஆன்டனி ரெண்டன் காயத்தால் 43 ஆட்டம்தான் ஆடினார். அணியின் இன்னொரு நட்சத்திரம் மைக் டிரௌட்டின் கை எலும்பு ஜூலையில் முறிந்தது. ஆனாலும் ஓட்டானியை விற்க மனம் வரவில்லை. மாறாக, தங்கள் நல்ல இளைஞர்களைக் கொடுத்து லூகஸ் ஜியோலிட்டோவையும் இன்னொரு பிட்சரையும் வாங்கினார்கள். ஆகஸ்ட் முழுக்கத் தோல்வி. 23-ஆம் தேதி ஓட்டானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. கெடு தாண்டிவிட்டதால் யாரையும் விற்க முடியாது. சும்மா கொடுக்கத்தான் முடியும். மாதக் கடைசியில் ஜியோலிட்டோ உட்பட பலரை வேவரில், அதாவது எந்த அணியும் சம்பளத்தோடு இலவசமாக எடுக்கக்கூடிய பட்டியலில், போட்டு, எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். க்ளீவ்லாண்ட் மூன்று பேரை அள்ளிக்கொண்டது. நோக்கம் ஆடம்பர வரிக் கோட்டுக்குள் இறங்குவது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு: ஓட்டானி போன்றவர் ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்ட்டாகப் போனால் பழைய அணிக்கு ஈடாக, புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஓர் இடம் கிடைக்கும். வரி கட்டாத அணிக்கு அது இரண்டாம் சுற்றுக்குப் பின்னால். வரி கட்டிய அணிக்கு நான்காம் சுற்றுக்குப் பின்னால். ஏஞ்சல்ஸ் வரியிலிருந்து தப்பித்தது. 73 வெற்றி, 89 தோல்வி. ஓட்டானி 70 கோடி டாலருக்கு டாட்ஜர்ஸுக்குப் போனார். ஆறு வாரத்துக்குள் வாங்கி, தோற்று, கொட்டிவிட்ட அந்தச் சீசனைப் பார்த்த ரசிகருக்கு, முன்கூட்டியே சொல்லிவிட்டு விற்ற கோயன் மேல் பொறாமைகூட வந்திருக்கும்.

மெட்ஸ் 75 வெற்றி, 87 தோல்வியோடு முடித்தது. களத்தில் அணியை நடத்திய மேனேஜர் பக் ஷோவால்டர் வேலை போனது. டேவிட் ஸ்டெர்ன்ஸ் நிர்வாகத் தலைவராக வந்தார். ஷெர்சர் போன டெக்சஸ் அந்த வருஷமே உலகத் தொடரை வென்றது. அதைப் பார்த்து நாங்கள் இங்கே வயிறு எரிந்தது உண்மை. செப்டம்பர் 1 அன்று ரோனி மவுரிசியோ என்ற இளைஞன் முதல் ஆட்டத்திலேயே மணிக்கு 117 மைல் வேகத்தில் ஒரு பந்தை அடித்து எங்களை எழுந்து நிற்கவைத்தான். டிசம்பரில் டொமினிகன் குளிர்கால லீக்கில் அவன் முழங்கால் கிழிந்து 2024 முழுவதும் போயிற்று.

அந்த 2024 செப்டம்பர் நடுவில் பிளேஆஃப் இடத்துக்காக மெட்ஸ் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஷார்ட்ஸ்டாப் பிரான்சிஸ்கோ லின்டோருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. யாரைப் போடுவது? சிராக்யூஸிலிருந்து அக்குன்யாவைக் கூப்பிட்டார்கள். ஷெர்சருக்காக மூன்றரைக் கோடி டாலரோடு பேசி வாங்கிய அதே பையன். 14 ஆட்டம் ஆடினான், மூன்று ஹோம் ரன் அடித்தான், லின்டோர் திரும்புகிறவரை இடத்தைக் காத்துக்கொடுத்தான். செப்டம்பர் 30 அன்று அட்லாண்டாவில் ஒன்பதாவது இன்னிங்ஸில் லின்டோர் அடித்த ஹோம் ரன்தான் அணியை பிளேஆஃபுக்குள் கொண்டுபோனது.